இரண்டு ஆண்டுகளுக்கென அழைக்கப்பட்டவர்கள்

ஐரோப்பாவில் முஸ்லிம் குடியேறிகளைப் பற்றிய விவாதம் எழும்போதெல்லாம் கேள்விகள் மதத்திலிருந்தே தொடங்குகின்றன. அவர்களுடைய நம்பிக்கை ஜனநாயகத்துக்கு ஒத்துவருமா, முக்காடு அடிமைத்தனத்தின் அடையாளமா, பள்ளிவாசல் கோபுரம் எவ்வளவு உயரமாக இருக்கலாம் என்பவை தொலைக்காட்சியில் ஆண்டுதோறும் திரும்பத் திரும்பப் பேசப்படுகின்றன. நான் ஜேர்மனியின் ரூர்ப் பகுதியில் ஏறத்தாழ நாற்பது ஆண்டுகளாக வாழ்ந்துவருகிறேன். அதில் பெரும்பகுதியை முதியோர் பராமரிப்புப் பணியில், டூயிஸ்பூர்க் நகரின் வடபகுதியில் வீடு வீடாகச் சென்று கழித்திருக்கிறேன். நான் குளிப்பாட்டி, மருந்து கொடுத்து, காலுறை மாட்டிவிட்ட முதியவர்களில் பலர் துருக்கியிலிருந்து உருக்காலைக்கும் நிலக்கரிச் சுரங்கத்துக்கும் வந்த முதல் தலைமுறையினர். அவர்களுடைய வீடுகளுக்குள் நின்று பார்த்தவன் என்ற முறையில் எனக்குத் தோன்றுவது இதுதான்: ஜேர்மனியில் முஸ்லிம்களின் ஒருங்கிணைவு ஏன் இவ்வளவு சிக்கலாயிற்று என்று அறிய விரும்புபவர், வேதநூலைப் புரட்டுவதற்கு முன்னால் 1961 ஒக்டோபர் 30 ஆம் திகதியிட்ட இரண்டு பக்க ஆவணம் ஒன்றைப் படிக்க வேண்டும்.

பொன் நகரை ஒட்டிய பாட் கோடெஸ்பேர்க்கில் இரு அரசுகளுக்கிடையே கைமாறிய அந்த ஆவணம்தான் துருக்கியத் தொழிலாளருக்கு ஜேர்மனியின் கதவைத் திறந்தது. அதற்கு முன்பே இத்தாலியுடன் 1955இலும், ஸ்பெயினுடனும் கிரேக்கத்துடனும் 1960இலும் இத்தகைய உடன்பாடுகள் செய்யப்பட்டிருந்தன. துருக்கியுடனான உடன்பாட்டில் மட்டும் புதிய நிபந்தனை ஒன்று சேர்ந்தது: வருபவருக்கு மொத்தம் இரண்டு ஆண்டுகளுக்கு மேல் வதிவிட அனுமதி கிடையாது. குடும்பத்தை அழைத்துக்கொள்வது பற்றி அதில் ஒரு சொல்லும் இல்லை. துருக்கியர் நிலையாகத் தங்கிவிடக் கூடாது என்பதில் உள்துறை அமைச்சு உறுதியாக இருந்தது. ஒரு தொகுதியினர் இரண்டு ஆண்டு உழைத்துவிட்டுத் திரும்புவார்கள், அந்த இடத்துக்கு அடுத்த தொகுதியினர் வருவார்கள் என்பதே கணக்கு.

இஸ்தான்புல்லில் ஜேர்மன் தொழில் நிர்வாகம் ஓர் ஆட்சேர்ப்பு நிலையத்தை நடத்தியது. அங்கே ஆண்களை உள்ளாடையோடு வரிசையில் நிறுத்திப் பல், முதுகு, சிறுநீர் எல்லாவற்றையும் சோதித்தார்கள். தேறியவர்கள் சிர்கெஜி நிலையத்தில் புகையிரதம் ஏறி, ஏறத்தாழ மூன்று நாள் பயணத்துக்குப் பின் மியூனிக் நிலையத்தின் 11 ஆம் மேடையில் இறங்கினார்கள். மேடைக்குக் கீழே இருந்த போர்க்காலப் பதுங்கறையில் அவர்களைப் பெயர் கூப்பிட்டு, எந்த ஆலைக்கு யார் என்று பிரித்தனுப்பினார்கள். வந்தவர்கள் ஆண்கள் மட்டுமல்லர். பெர்லினின் மின்சாதனத் தொழிற்சாலைகளுக்கென்று தனியாகப் புறப்பட்டுவந்த இளம்பெண்களும் ஏராளம். துருக்கியக் குடியேற்றம் என்றதும் கணவனுக்குப் பின்னால் வந்த மனைவியை மட்டுமே கற்பனை செய்பவர்கள் இதை மறந்துவிடுகிறார்கள்.

இரண்டு ஆண்டு நிபந்தனையை முதலில் வெறுத்தவர்கள் முதலாளிகள்தாம். வேலை பழகிய ஆளை அனுப்பிவிட்டு வேலை தெரியாத ஆளுக்கு மறுபடி முதலிலிருந்து கற்றுக்கொடுப்பது எந்த ஆலைக்கும் கட்டுப்படியாகாது. 1964இல் உடன்பாடு திருத்தப்பட்டு அந்த வரம்பு நீங்கியது. சட்டத்திலிருந்து வரம்பு போயிற்றே தவிர, எல்லோருடைய மனத்திலும் அது அப்படியே தங்கிவிட்டது. அரசு அவர்களுக்கு மொழி கற்பிக்கவில்லை, ஏனென்றால் அவர்கள் போகப்போகிறவர்கள். ஆலை அவர்களைத் தகரக் கொட்டகையிலும் அறைக்கு ஆறு பேர் தங்கும் விடுதியிலும் வைத்தது, அதே காரணத்தால். அவர்களும் வயிற்றைக் கட்டிச் சேர்த்த பணத்தில் அனத்தோலியாவின் ஏதோ ஒரு கிராமத்தில் இரண்டு மாடி வீடு எழுப்பினார்கள். இங்கே வாங்கிய தளபாடங்கள் பழையவையாகவே இருந்தன. அடுத்த ஆண்டு, பிள்ளையின் படிப்பு முடியட்டும், ஓய்வூதியம் வரட்டும் என்று புறப்பாடு தள்ளிக்கொண்டே போயிற்று. வந்தவனும் வரவேற்றவனும் மனமொத்து நம்பிய ஒரே விடயம், இது தற்காலிகம் என்பதுதான்.

என் பராமரிப்பில் இருந்த ஒரு முதியவரைப் பற்றி இங்கே சொல்லியாக வேண்டும். புரூக்ஹௌசன் ஊதுலையில் முப்பது ஆண்டு வெப்பத்தில் நின்றவர். துருக்கியர் வயதில் மூத்த ஆணை அழைக்கும் வழக்கப்படி நான் அவரை அம்ஜா என்பேன். அவர் என்னை ஓலும், மகனே, என்பார். மறதி நோய் முற்றியபோது ஆலையில் பழகிய ஜேர்மன் மொழி அவரை விட்டுப் போய்விட்டது. பிந்திக் கற்ற மொழி முந்தி உதிர்வது இந்த நோயில் நாங்கள் அடிக்கடி காண்பது. நான் அவரிடமிருந்தும் அவருடைய மனைவியிடமிருந்தும் பொறுக்கிய துருக்கியச் சொற்களால் சமாளித்தேன். அவருக்கு நிரந்தர வதிவிட உரிமை எண்பதுகளிலேயே கிடைத்துவிட்டது. ஆனாலும் காலையில் நான் போகும்போது உணவறை அலுமாரியின் இழுப்பறை திறந்திருக்கும். சம்பளச் சீட்டுகளுக்கும் காப்புறுதிக் கடிதங்களுக்கும் அடியிலிருந்து, ஓரம் வெட்டப்பட்ட பழைய கடவுச்சீட்டை எடுத்து மடியில் வைத்திருப்பார். வதிவிட முத்திரை குத்திய பக்கத்தில், காலாவதித் திகதியின்மேல் விரலை வைத்து, “நாள் முடிந்துவிட்டது ஓலும், அலுவலகம் திறந்திருக்குமா?” என்று கேட்பார். இங்கேயே பிறந்த அவருடைய மகள், “பாபா, அது முடிந்து ஐம்பது வருடமாகிறது” என்று எத்தனையோ முறை விளக்கிப் பார்த்தார். “நீட்டித்தாகிவிட்டது அம்ஜா, நேற்றே போய் நீட்டித்துவிட்டோம்” என்று நான் சொன்னால்தான் கடவுச்சீட்டை மூடிவைத்துவிட்டுச் சாப்பிட உட்காருவார்.

அந்தப் பயம் எனக்குப் புதிதல்ல. கிழக்கு பெர்லின் வழியாக இலங்கைத் தமிழர்களாகிய நாங்கள் இங்கே வந்து தஞ்சம் கேட்ட காலத்தில் எங்களுக்கும் டுல்டுங் என்ற தாள்தான் கிடைத்தது. நாடு கடத்துவதை இப்போதைக்குத் தள்ளிவைத்திருக்கிறோம் என்பதற்கு மேல் அது எந்த உறுதியும் தராது. மூன்று மாதத்துக்கொரு முறை நீட்டிக்க வேண்டும். மாவட்ட எல்லையைத் தாண்ட அனுமதி வாங்க வேண்டும். வேலை செய்யக் கூடாது. மூன்று மாதத்துக்குமேல் எதையும் திட்டமிட முடியாத ஒருவனால் ஒரு மொழியின் இலக்கணத்தில் மனத்தைச் செலுத்த முடியாது என்பதை நான் அனுபவத்தில் அறிவேன்.

மதத்தை முதற்காரணமாக ஏற்க எனக்குள்ள தயக்கத்துக்கு இன்னொரு வேரும் உண்டு. 1990 ஒக்டோபரில் எங்கள் வட மாகாணத்திலிருந்து முஸ்லிம்கள் எல்லோரையும் விடுதலைப் புலிகள் வெளியேற்றினார்கள். யாழ்ப்பாணத்தவர்களுக்குக் கொடுக்கப்பட்டது இரண்டு மணி நேரம். அவர்கள் பேசியது தமிழ். தலைமுறை தலைமுறையாக எங்கள் பக்கத்துத் தெருவில் இருந்தவர்கள். மொழியும் பழக்கமும் ஒன்றாகிவிட்டால் மனிதர்கள் தாமாகவே ஒன்றிவிடுவார்கள் என்று எவராவது சொன்னால் எனக்கு அந்த நாள் நினைவுக்கு வரும். ஓரிடத்தில் ஒருவர் இருக்கலாமா என்பதை முடிவுசெய்யும் அதிகாரம் யார் கையில் இருக்கிறது என்பதே எனக்கு முதற்கேள்வியாகத் தெரிகிறது.

ஜேர்மனியில் ஒருங்கிணைவு முதலில் நடந்த இடம் தொழிற்சாலை. 1972இல் திருத்தப்பட்ட தொழிலகச் சட்டம், எந்த நாட்டுக் குடிமகனாக இருந்தாலும் தொழிலாளர் மன்றத் தேர்தலில் போட்டியிடும் உரிமையை வழங்கியது. நகரசபைக்கு வாக்களிக்க முடியாத துருக்கியர் ஆலைக்குள் வேட்பாளராக நின்றார், வென்றார், முதலாளியோடு ஒரே மேசையில் உட்கார்ந்து பேசினார். உலோகத் தொழிலாளர் சங்கமான ஐஜி மெட்டாலில் துருக்கிய உறுப்பினர்கள் பெருந்தொகையாகச் சேர்ந்தார்கள். எனினும் அந்த உறவு எவ்வளவு மெல்லியது என்பதை 1973 ஓகஸ்டில் நடந்த இரண்டு வேலைநிறுத்தங்கள் காட்டின. நொய்ஸ் நகரின் பியர்பூர்க் தொழிற்சாலையில், இலகுவான வேலை என்று பெயரிட்டுப் பெண்களுக்கு மட்டும் குறைத்துக் கொடுக்கப்பட்ட கூலிப் பிரிவை ஒழிக்கக் கோரி வெளிநாட்டுப் பெண்கள் வேலையை நிறுத்தினார்கள். ஜேர்மன் தொழிற்திறனாளரும் அவர்களோடு சேர்ந்துகொண்டார்கள். ஒரு வாரத்தில் வெற்றி கிடைத்தது. அதே மாதக் கடைசியில், ஊருக்கு விடுமுறையில் போய்ப் பிந்தித் திரும்பிய ஏறத்தாழ 300 துருக்கியரை வேலையிலிருந்து நீக்கியதை எதிர்த்து கோல்ன் நகர ஃபோர்டு ஆலையில் துருக்கியர் எழுந்தார்கள். பெரும்பாலான ஜேர்மன் தொழிலாளர்கள் விலகிக்கொண்டார்கள், தொழிலாளர் மன்றமும் கைவிட்டது, பொலிசார் போராட்டத்தை முடித்துவைத்தார்கள், முன்நின்றவர்கள் வேலையையும் சிலர் வதிவிடத்தையும் இழந்தார்கள். இரண்டு இடத்திலும் எழுந்தவர்கள் வெளிநாட்டுத் தொழிலாளர்தாம். பக்கத்து இயந்திரத்தில் நின்றவர் என்ன செய்தார் என்பதில்தான் வேறுபாடு.

அந்த ஆண்டு நவம்பர் 23 அன்று எண்ணெய் நெருக்கடியைக் காட்டி ஆட்சேர்ப்பு நிறுத்தப்பட்டது. ஆட்சேர்ப்பு நடந்த காலம் முழுவதிலும் எல்லா நாடுகளிலிருந்துமாக ஏறத்தாழ 1 கோடியே 40 லட்சம் பேர் வந்து, 1 கோடியே 10 லட்சம் பேர் திரும்பிப் போயிருந்தார்கள். அதாவது சுழற்சி ஓரளவு தானாகவே நடந்துகொண்டிருந்தது. நிறுத்தம் அதை உடைத்தது. ஒரு முறை போனால் மறுபடி வர முடியாது என்றானதும், இத்தாலியருக்கு இருந்த ஐரோப்பியச் சமூகத்துச் சுதந்திரம் இல்லாத துருக்கியர் போவதை நிறுத்திவிட்டுக் குடும்பத்தை அழைத்தார்கள். 1975 ஜனவரியிலிருந்து ஊரிலிருக்கும் பிள்ளைகளுக்கான குழந்தைப்படி இங்கிருக்கும் பிள்ளைகளுக்கானதைவிடக் குறைக்கப்பட்டதும் பிள்ளைகளும் வந்துசேர்ந்தார்கள். 1973இல் 9 லட்சமாக இருந்த துருக்கியர் தொகை 1980இல் 14 லட்சத்தைத் தாண்டியது. குறைக்க நினைத்து எடுத்த நடவடிக்கையே நிரந்தரக் குடியேற்றத்தை உண்டாக்கியது.

குடியிருப்பு விடயத்திலும் அதுவே. இன்று துருக்கியர் பேட்டை என்று பெயரெடுத்திருக்கும் பெர்லினின் குரொய்ஸ்பேர்க்கில், மதிலை ஒட்டிய பழைய வீடுகள் இடிப்பதற்கென்று குறிக்கப்பட்டிருந்தன. இடிக்கும்வரை யாராவது இருக்கட்டும் என்று வெளிநாட்டவருக்குக் குறுகிய கால வாடகைக்கு விட்டார்கள். பிறகு அங்கே வெளிநாட்டவர் மிகுந்துவிட்டனர் என்று 1975இல் அந்தப் பகுதியில் குடியேறத் தடை விதித்து, கடவுச்சீட்டில் அதற்கென்று ஒரு முத்திரையும் குத்தினார்கள். பிற்காலத்தில் வந்த அரசியலாளர்கள் இந்தத் தெருக்களைக் காட்டி, இவர்கள் தமக்குள்ளேயே ஒரு தனிச் சமூகத்தை அமைத்துக்கொண்டார்கள் என்று குற்றம்சாட்டியபோது, அந்த முத்திரை எவருக்கும் நினைவில் இல்லை.

பள்ளிக்கூடத்தில் நடந்ததுதான் எல்லாவற்றிலும் கொடியது என்று நான் கருதுகிறேன். எழுபதுகளில் பல இடங்களில் துருக்கியப் பிள்ளைகளைத் தனி வகுப்பில் வைத்து, துருக்கியிலிருந்து வந்த ஆசிரியரைக் கொண்டு, அவர்கள் என்றோ திரும்பப்போகும் நாட்டுக்காகத் தயார்செய்தார்கள். மற்றவர்கள் மொழி புரியாமல் வகுப்பின் கடைசி வரிசையில் உட்கார்ந்தார்கள். பெரும்பாலான ஜேர்மன் மாநிலங்களில் நான்காம் வகுப்பு முடிந்ததும், பத்து வயதிலேயே, எந்தப் பிள்ளை பல்கலைக்கழகம் செல்லும் பாதைக்கு, எந்தப் பிள்ளை கைத்தொழிலுக்கு என்று ஆசிரியர் பரிந்துரைத்துவிடுவார். வீட்டில் ஜேர்மன் பேசாத பிள்ளைக்குப் பத்து வயது போதாது. அப்படியே ஒரு தலைமுறை முழுவதும் மிகத் தாழ்ந்த பள்ளிப் பிரிவில் போய் விழுந்தது. கொரோனாத் தடுப்பூசியை உருவாக்கிய பயோன்டெக் நிறுவனத்தின் உகுர் சாஹின், ஃபோர்டு ஆலைத் தொழிலாளியின் மகனாக நான்கு வயதில் கோல்னுக்கு வந்தவர். அவர் எழுந்துவந்ததை எடுத்துக்காட்டி, பாதை எல்லோருக்கும் திறந்தே இருந்தது என்று சொல்பவர்களோடு என்னால் ஒத்துப்போக முடியவில்லை. நான் போகும் வீடுகளில் அவருடைய வயதுக்காரர்கள் பொதி ஏற்றும் வண்டி ஓட்டி முதுகு தேய்ந்து உட்கார்ந்திருக்கிறார்கள். அவர்களிலும் படிக்க ஆசைப்பட்டவர்கள் இருந்தார்கள்.

உண்மையைச் சொன்ன ஒருவர் இருந்தார். வெளிநாட்டவர் விவகாரத்துக்கென அரசு நியமித்த முதலாவது ஆணையாளர் ஹைன்ஸ் கூன், 1979இல் அளித்த அறிக்கையில், இந்நாடு நடைமுறையில் குடியேற்ற நாடாகிவிட்டது, இங்கே பிறந்த பிள்ளைகளுக்குக் குடியுரிமை பெறும் உரிமையும் நெடுங்காலம் வாழ்ந்த வெளிநாட்டவருக்கு உள்ளூராட்சி வாக்குரிமையும் வேண்டும் என்று எழுதினார். அரசு அதைத் தூக்கி மூலையில் வைத்தது. 1982இல் சான்சலராகப் பதவிக்கு வந்த ஹெல்முட் கோல், துருக்கியரின் தொகையை நான்கு ஆண்டுகளில் பாதியாகக் குறைக்க விரும்புவதாக பிரித்தானியப் பிரதமர் மார்கரெட் தாட்சரிடம் அந்தரங்கமாகச் சொன்னது, பிரித்தானிய ஆவணங்கள் வெளியானபோது 2013இல் தெரியவந்தது. 1983இல் வந்த சட்டம், வேலை இழந்து ஊர் திரும்பச் சம்மதிப்பவருக்கு 10,500 மார்க்கும் பிள்ளைக்கு 1,500 மார்க்கும் தந்தது. அம்ஜாவின் மனைவிக்கு அந்த ஆண்டு நன்றாக நினைவிருக்கிறது. அவர்களுடைய மாடியில் இருந்த இரண்டு குடும்பங்கள் போயின. இங்கே பிறந்த பிள்ளைகள் துருக்கியில் ஜேர்மன்காரப் பிள்ளைகள் என்று கேலிக்குள்ளானதை அவர்கள் கடிதம் எழுதி அறிவித்தார்களாம்.

ஹம்பூர்க்கும் ஷ்லெஸ்விக்-ஹொல்ஸ்டைனும் 1989இல் வெளிநாட்டவருக்கு உள்ளூர் வாக்குரிமை வழங்கின. அரசியலமைப்பு நீதிமன்றம் 1990 ஒக்டோபர் 31 அன்று இரண்டையும் செல்லாதவையாக்கியது. சில ஆண்டுகளில் மாஸ்ட்ரிக்ட் உடன்படிக்கையால் ஐரோப்பிய ஒன்றியத்தவருக்கு அதே வாக்குரிமை கிடைத்தது. மூன்று மாதத்துக்கு முன் குடிவந்த ஒரு பெல்ஜியத்தவர் டூயிஸ்பூர்க் நகரசபைக்கு வாக்களிக்கலாம். முப்பது ஆண்டு ஊதுலையில் நின்ற அம்ஜாவால் முடியாது. 2017இல் துருக்கிய அதிபர் எர்டோவானின் அதிகாரத்தைப் பெருக்கும் பொதுவாக்கெடுப்பில், ஜேர்மனியிலிருந்து வாக்களித்த துருக்கியக் குடிமக்களில் 63 சதவீதம் பேர் ஆம் என்றபோது இங்கே பெருங்கோபம் எழுந்தது. அந்த முடிவு எனக்கும் கவலை தந்ததுதான். ஆனால் அவர்களில் பலருக்கு வாழ்நாளில் வாக்குச்சீட்டு நீட்டிய ஒரே நாடு துருக்கிதான் என்பதையும் சேர்த்தே அதைப் படிக்க வேண்டும்.

இரத்த உறவை அடிப்படையாகக் கொண்ட 1913ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டம் 2000 ஜனவரி 1 அன்றுதான் மாறியது. அதன் பிறகே இங்கே பிறக்கும் வெளிநாட்டவர் பிள்ளைகள், பெற்றோரில் ஒருவர் எட்டு ஆண்டு சட்டப்படி வாழ்ந்திருந்தால், பிறப்பிலேயே ஜேர்மன் குடிமக்களானார்கள். அரசின் நிதியுதவியுடன் அறுநூறு மணிநேர மொழிவகுப்பு 2005இல் வந்தது. 1961க்கும் 2005க்கும் இடையே நாற்பத்துநான்கு ஆண்டுகள். அந்த ஆண்டுகளில் மொழி கற்றுக்கொள்ளவில்லை என்று இன்று ஒரு எழுபத்தைந்து வயதுப் பெண்ணை மருத்துவமனை வரவேற்பில் உரத்த குரலில் கடிந்துகொள்வதை நான் பக்கத்தில் நின்று பார்த்திருக்கிறேன். அந்தப் பெண் இருபத்தைந்து ஆண்டு அதிகாலை நான்கு மணிக்கு எழுந்து அலுவலகங்களைத் துடைத்தவர். ஆட்கள் வருமுன் முடித்துவிட வேண்டிய வேலையில் யாரோடு பேசி மொழி பழகுவது?

மதத்துக்கு இப்போது வருகிறேன். 1965 பெப்ரவரி 3 அன்று நோன்புப் பெருநாள் தொழுகைக்கு இடமில்லாத சில நூறு துருக்கியத் தொழிலாளருக்கு, கோல்ன் பேராலயம் தன் வடபக்கத்தைத் திறந்துவிட்டது. அவர்கள் பாய் விரித்து அங்கேயே தொழுதார்கள். அன்றைக்கு அவர்கள் துருக்கியர்கள், தொழிலாளர்கள். முஸ்லிம் என்பது அவர்களைப் பற்றிய பல தகவல்களில் ஒன்று. 2001 செப்டம்பருக்குப் பிறகு அதே மனிதர்களும் அவர்களுடைய பேரப்பிள்ளைகளும் முதலில் முஸ்லிம்களாகவே பார்க்கப்பட்டார்கள். இடைப்பட்ட ஆண்டுகளில் தொழுகை பின்கட்டுகளிலும் கைவிடப்பட்ட கடைகளிலும் நடந்தது. அந்த வெற்றிடத்தை அங்காரா நிரப்பியது. 1984இல் கோல்னில் தொடங்கப்பட்ட டிடிப் என்ற சங்கத்தின் பள்ளிவாசல்களுக்குத் துருக்கிய அரசே இமாம்களைச் சம்பளம் கொடுத்து அனுப்பிவந்தது. நான்கைந்து ஆண்டுக்கு வரும் அவர்களுக்கு ஜேர்மன் தெரியாது. இங்கே வளரும் பதினைந்து வயதுப் பையனின் சங்கடம் அவர்களுக்கு எப்படிப் புரியும்? ஜேர்மன் அரசுக்கு அது வசதியாக இருந்தது: போகப்போகிறவர்களின் மதத்தை அவர்களுடைய நாடே பார்த்துக்கொள்ளட்டும். பல்கலைக்கழகங்களில் இஸ்லாமிய இறையியல் 2010ஐ ஒட்டித்தான் தொடங்கியது. துருக்கியிலிருந்து இமாம் அனுப்புவதைப் படிப்படியாக நிறுத்தி இங்கேயே பயிற்றுவிக்கும் ஏற்பாடு 2023 டிசம்பரில்தான் அறிவிக்கப்பட்டது.

சமூகத்தின் பங்கையும் நான் மறைக்க விரும்பவில்லை. விடுமுறைக்கென்று ஊருக்கு அழைத்துப்போய்த் திருமணம் செய்துவைக்கப்பட்ட பெண்களை நான் அறிவேன். யூதர்களைப் பற்றிக் கூசாமல் வெறுப்பாகப் பேசும் இளைஞர்களையும், துருக்கியின் சிறுபான்மையினரான குர்தியரையும் அலெவிகளையும் அயலவராகவே ஏற்காத பள்ளிவாசல் நிர்வாகிகளையும் கண்டிருக்கிறேன். இவற்றுக்கெல்லாம் 1961ஆம் ஆண்டு ஆவணத்தைச் சாட்டிவிட முடியாது. அந்தப் பெண்கள் ஜேர்மன் சட்டத்தின் முழுப் பாதுகாப்புக்கும் உரியவர்கள், பண்பாடு என்று சொல்லி அதைக் குறைப்பது அவர்களுக்குச் செய்யும் துரோகம். அதேவேளை மாற்றம் எங்கே நடக்கிறது என்பதையும் பார்க்கிறேன். டூயிஸ்பூர்க்கின் மார்க்ஸ்லோவில் சுரங்கத் தொழிலாளரின் பழைய உணவுச்சாலையில் தொழுதுவந்தவர்கள், 2008இல் அதே இடத்தில் மெர்கெஸ் பள்ளிவாசலைக் கட்டினார்கள். தேவாலயத்தாரையும் அயலவரையும் திட்டமிடும்போதே கூட்டிவைத்துப் பேசினார்கள். எல்லோருக்கும் பொதுவான சந்திப்பு மண்டபத்தைக் கீழே அமைத்தார்கள், அதற்கு மாநில அரசும் ஐரோப்பிய ஒன்றியமும் உதவின. வேறு நகரங்களில் ஆண்டுக்கணக்காக நடந்த எதிர்ப்பு ஊர்வலங்கள் இங்கே நடக்கவில்லை. அந்தப் பேச்சுவார்த்தைகளில் துருக்கியப் பெண்கள் முன்னால் நின்றார்கள். இங்கேயே வாழ்ந்து சாகப்போகிறோம் என்று முடிவெடுத்தவர்கள்தாம் அயலவருக்குப் பதில் சொல்லும் கட்டடத்தைக் கட்டுவார்கள்.

வன்முறையைத் தவிர்த்துவிட்டு இதை எழுத முடியாது. ரூர்ப் பகுதிக்குத் தெற்கே சோலிங்கன் என்ற நகரம். 1993 மே 29 அன்று இரவு, நால்வர் துருக்கியக் குடும்பம் ஒன்றின் வீட்டுக்குத் தீவைத்ததில் ஐந்து பெண்களும் சிறுமிகளும் மாண்டார்கள். இரண்டு மகள்களையும் இரண்டு பேத்திகளையும் உறவுக்காரச் சிறுமி ஒருத்தியையும் அன்று இழந்த மெவ்லூதே கென்ச், சில நாட்களிலேயே இணக்கத்தைப் பற்றிப் பேசினார். 2022இல் இறக்கும்வரை அந்த நகரை விட்டுப் போகவில்லை. அதே சோலிங்கனில் 2024 ஓகஸ்ட் 23 அன்று நகர விழாவில், தஞ்சம் கோரி வந்த சிரியர் ஒருவர் ஐஎஸ் அமைப்பின் பெயரால் மூன்று பேரைக் கத்தியால் குத்திக் கொன்றார். கொலைக்கு நியாயம் எதுவும் கிடையாது; அந்த மூவருக்காக மெர்கெஸ் பள்ளிவாசலுக்கு வரும் என் அயலவர்கள் அழுததை நான் கண்டேன். ஆனால் முதற்கொலைக்குப் பிறகு ஜேர்மானியர் எவரிடமும், நீ இந்த நாட்டோடு ஒத்துப்போவாயா என்று கேட்கப்படவில்லை. இரண்டாவதற்குப் பிறகு அந்தக் கேள்வி என்னோடு வேலைசெய்யும் சிரியர் ஒவ்வொருவரிடமும், பார்வையாலாவது, கேட்கப்பட்டது. 2000க்கும் 2006க்கும் இடையே எட்டுத் துருக்கியரையும் ஒரு கிரேக்கரையும் நவநாசிக் குழு ஒன்று சுட்டுக்கொன்றபோது, பொலிசார் ஆண்டுக்கணக்கில் சந்தேகித்தது கொல்லப்பட்டவர்களின் குடும்பங்களைத்தான். குடியுரிமைத் தாள் கையிலிருந்தவர்களையும் அந்தச் சந்தேகம் விடவில்லை.

இங்கே ஒரு நியாயமான மறுப்பு உண்டு. பிரான்சு தன் மண்ணில் பிறந்த அல்ஜீரியர் பிள்ளைகளுக்கு நெடுங்காலமாகக் குடியுரிமை அளித்துவந்தது. ஆயினும் 2005இல் பாரிஸின் புறநகர்கள் வாரக்கணக்கில் எரிந்தன. எனவே குடியுரிமை மட்டும் போதுமென்று நான் வாதிடவில்லை. வேலைக்கான விண்ணப்பம் பெயரைப் பார்த்ததுமே ஓரத்தில் வைக்கப்பட்டால் கடவுச்சீட்டின் நிறம் சோறு போடாது. ஆனால் குடியுரிமை உள்ளவன் அந்த அநீதியை நீதிமன்றத்திலும் வாக்குச்சாவடியிலும் எதிர்க்கலாம். நாளை நீட்டிக்கப்படுமா என்று தெரியாத தாளை வைத்திருப்பவன் வாய் திறக்கமாட்டான். பெர்லினில் லெபனான் போரிலிருந்து தப்பிவந்த குடும்பங்களை எண்பதுகளிலிருந்து டுல்டுங்கிலேயே வைத்து, வேலை அனுமதி மறுத்து, பிள்ளைகளின் கல்வியைக்கூடக் கட்டாயமாக்காமல் விட்டதன் விலையை அந்த நகரம் இன்றும் செலுத்திக்கொண்டிருக்கிறது. அங்கே குற்றக் கும்பல்களாகப் பெயரெடுத்த குடும்பங்கள் பலவற்றின் கதை அங்கிருந்துதான் தொடங்குகிறது.

அம்ஜா சென்ற குளிர்காலத்தில் காலமானார். 2024 ஜூனில் வந்த புதிய சட்டம், 1974 ஜூன் மாதம் முடியுமுன் வந்த தொழிலாளருக்கு எழுத்துத் தேர்வு இல்லாமலே, பேச்சுவழக்கு ஜேர்மனோடு, துருக்கியக் குடியுரிமையையும் வைத்துக்கொண்டு ஜேர்மன் குடிமகனாகும் வழியைத் திறந்திருந்தது. மகள் படிவத்தைக் கொண்டுவந்தபோது அவருக்குத் தன் பெயரை எழுதவும் தெரியவில்லை. பள்ளிவாசலில் ஜனாஸாவைக் குளிப்பாட்டிக் கபனிட்டுத் தொழுகை நடத்தினார்கள். ஆண்டுதோறும் அவர் கட்டிவந்த மரணநிதி, உடலை விமானத்தில் ஊருக்குக் கொண்டுபோகும் செலவையும் கூடச் செல்லும் ஒருவரின் பயணச்சீட்டையும் ஏற்றுக்கொண்டது. முதல் தலைமுறையினரில் பெரும்பாலோர் இப்படித்தான் திரும்பிப்போகிறார்கள். ஜேர்மன் மாநிலங்கள் பல, பெட்டியில்லாமல் கபன் துணியோடு அடக்கம் செய்ய இப்போது அனுமதிக்கின்றன. பவேரியாவில் 2021இல்தான் அது வந்தது. இன்னொரு சிக்கல் தீரவில்லை. இங்கே கல்லறை என்பது பெரும்பாலும் இருபது, இருபத்தைந்து ஆண்டுக் குத்தகை. முடிந்ததும் நீட்டிக்க வேண்டும், சில வகைக் கல்லறைகளை நீட்டிக்கவும் முடியாது. முஸ்லிம்களின் நம்பிக்கைப்படி மையவாடியில் வைத்த உடலை எடுக்கக் கூடாது. அம்ஜாவின் மகள் தனக்கும் கணவருக்குமாக டூயிஸ்பூர்க் பொது மயானத்தின் முஸ்லிம் பகுதியில், நீட்டிக்கக்கூடிய இடமாகப் பார்த்து விசாரித்திருக்கிறார். “பிள்ளைகள் இங்கேதானே இருப்பார்கள், நீட்டிப்பார்கள்” என்றார்.

2015இல் வந்த சிரியரோடு ஜேர்மனி பல விடயங்களில் முன்னைவிட நன்றாக நடந்துகொண்டது. மொழிவகுப்பு முதல் ஆண்டிலேயே தொடங்கியது. அந்த ஆண்டு பல நாடுகளிலிருந்தும் தஞ்சம் கோரி வந்தவர்களில் 64 சதவீதம் பேர் 2024இல் வேலையில் இருந்தார்கள். ஆண்களில் அது 76 சதவீதம், நாட்டின் சராசரி ஆண்களையும்விட அதிகம். பெண்களில் 35 சதவீதம்தான். பிள்ளை பராமரிப்பு நிலையங்களில் இடம் கிடைக்காத நாட்டில் அதற்கு முக்காட்டை மட்டும் காரணம் சொல்வது பொருந்தாது. 2024இல் குடியுரிமை பெற்ற ஏறத்தாழ 2,92,000 பேரில் 83,000 பேர் சிரியர்கள். இவ்வளவும் நடந்தபின், சிரியாவில் அசாத் ஆட்சி விழுந்த மறுநாளே ஒரு மூத்த அரசியலாளர், திரும்பிப் போகிறவருக்கு விமானமும் 1,000 யூரோவும் தரலாம் என்று யோசனை சொன்னார். ஜேர்மனியில் அப்போது ஏறத்தாழ 6,000 சிரிய மருத்துவர்கள் பணியில் இருந்தார்கள். 2025 ஜூலையில், அகதி உரிமைக்கு ஒரு படி கீழான துணைநிலைப் பாதுகாப்புப் பெற்றவர்கள் குடும்பத்தை அழைக்கும் உரிமை இரண்டு ஆண்டுக்கு நிறுத்திவைக்கப்பட்டது. இதே உரிமை 2016இலிருந்து 2018வரையும் நிறுத்திவைக்கப்பட்டிருந்தது.

எங்கள் நிலையத்தில் முதியோர் பராமரிப்புக் கற்கும் சிரிய இளைஞர் ஒருவர் மூன்றாம் ஆண்டில் இருக்கிறார். மனைவியும் மகளும் துருக்கியில். இடைவேளையில் என்னிடம் வந்து, “அண்ணா, இரண்டு அறை வீடு ஒன்று காலியாகிறது. எடுக்கட்டுமா, அல்லது இருக்கும் ஒற்றை அறையிலேயே இருந்துவிடட்டுமா?” என்று கேட்டார். என்னோடு வேலைசெய்யும் தமிழர்களிடமிருந்து அந்த அண்ணாவை அவர் பிடித்துக்கொண்டார். எடுக்கச் சொன்னேன். மனைவியும் மகளும் வர இரண்டு ஆண்டு ஆனாலும், மூன்று ஆண்டு ஆனாலும், மகள் பள்ளிக்குப் போகும் தெருவில் அவர் இப்போதே குடியிருக்க வேண்டும். வீட்டு உரிமையாளரை வியாழக்கிழமை பார்க்கப் போகிறோம். நானும் கூடப் போகிறேன். அவர் தொலைபேசியில் தன் பெயரைச் சொல்லிக் கேட்ட வேறு இரண்டு வீடுகள் ஏற்கெனவே போய்விட்டன என்று பதில் வந்தது, அவற்றின் விளம்பரம் இன்னும் இணையத்தில் இருக்கிறது.